மெதுவாய் வளர்ந்தவை

கழுத்து மரத்துப்போயிருந்தது. காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடந்ததில் வலி தோள்வரை இறங்கி, விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆய்வகத்தில் அவள் மட்டும். கருக்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று சன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டிய அறை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே இருட்டு. இன்குபேட்டரின் வெளிக்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தாள். உள்கண்ணாடியில் இரண்டு ஈரவட்டங்கள், ஒட்டி ஒட்டி, மூக்கை வைத்து மூச்சு விட்டதுபோல. துடைத்தாள். போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

மாடு அறுக்கும் கூடத்திலிருந்து பிளாஸ்கில் வரும் மாட்டுச் சினைப்பைகளில் முட்டையை உறிஞ்சி எடுத்து, விந்து சேர்த்து, ஏழு நாள் வளர்ப்பது அவள் வேலை. வாட்ச்மேனுக்கு அவள் முட்டைக்காரம்மா. குஞ்சு பொரிச்சாச்சா என்று கேட்காமல் அவர் கேட்டைத் திறந்ததில்லை. ஏழாம் நாள் நன்றாகத் திரண்ட கருவைப் பொறுக்கி, மாட்டின் கருப்பையில் வைக்கக் கொடுப்பாள். பின்தங்கியவற்றை பிளீச்சிங் தண்ணீரில் கொட்டுவாள்.

அக்காவின் பசுவுக்கும் மூன்று முறை அப்படித்தான் பொறுக்கினாள், இருப்பதிலேயே முந்தி வளர்ந்ததாய்ப் பார்த்து. கூடப்பிறந்தவளுக்குச் சொத்தையைக் கொடுப்பாளா? சீக்கிரம் திரளட்டும் என்று வளர்ப்பு நீரில் குளுக்கோஸைக்கூடக் கொஞ்சம் கூட்டினாள். மூன்றும் காளைக்கன்று. மூன்றாவது அளவுக்கு மீறிப் பெருத்து, ஈன முடியாமல் கயிறு கட்டி இழுத்ததில் பசுவும் போய்விட்டது. பால் விற்றுப் பிழைத்த அக்கா இப்போது அடுத்தவர் தொழுவத்தில் சாணி அள்ளுகிறாள். ஒருநாளும் திட்டியதில்லை.

"விடுடீ. பொறக்கறது பொறக்கும். அது என்ன உன் கையிலயா இருக்கு?"

நேற்று டீ குடித்துக்கொண்டே ஆய்வகத்துக் கால்நடை டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: தட்டில் முந்திக்கொண்டு வளர்வதில் காளைதான் அதிகம், குளுக்கோஸ் கூடினால் பெண்ணாகிய கிடேரிக் கரு இன்னும் பின்தங்கும். அவள் டீ ஆறிப்போனது. அக்காவுக்கென்று வளர்த்ததில் மெதுவாய் வளர்ந்தவை பதினொன்று. அவள் கையால் கொட்டியவை.

கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. எண்ணெய் வாடையும் பிளாஸ்டிக் வாடையும் இருக்கவேண்டிய இடத்தில் சீம்பால் வாடை, ஈன்ற ஈரம் காயாத வைக்கோலின் வாடை. மோட்டாரின் உறுமலுக்கு அடியில் சப்புக்கொட்டும் சத்தம். அடி அடுக்கின் கோடியில் ஒரு வளர்ப்புத் தட்டு. மூடியில் அவள் கையெழுத்து. அக்கா என்று எழுதி, போன வருடத்துத் தேதி.

கருக்களைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டை அவள் குப்பையில் போட்டிருந்தாள். நன்றாக ஞாபகம் இருந்தது.

எடுக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. முழங்கைவரை விட்டாள். ஒரு முழ ஆழப் பெட்டிதான். கை தோள்வரை போனது.

விரலை ஏதோ கவ்வியது.

சூடு. சொரசொரத்த நாக்கு. உறிஞ்சியது. மடியை முட்டுவதுபோல ஒரு முட்டு. இன்னொரு வாய். இன்னொன்று. எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று. ஐந்து விரல் போதாமல் மணிக்கட்டை, முழங்கையைத் தேடின.

பசி. அவ்வளவுதான். கோபமே இல்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் அக்கா. அவள் எடுக்கவில்லை. மற்றக் கையையும் உள்ளே விட்டாள்.

அக்காவுக்கு அவள் இன்னும் தரவேண்டியது ஒரு கிடேரிக் கன்று.