மெயினைப் போடச் சொன்ன குரல்

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சர்வர் அறைச் சுவரில் இருந்த போனின் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை. மிச்சமிருக்கும் கரன்ட் வடிய நேரமாகும், தானாகப் போய்விடும் என்று அவன் நினைத்தான். நினைத்துவிட்டு இரண்டு தடவை திரும்பியும் பார்த்தான்.

ஞாயிறு மதியம். ஐந்து மாடி அலுவலகத்தில், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனையும் மாப்பிள்ளையையும் தவிர ஈ காக்கை கிடையாது. மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், எலக்ட்ரீஷியன். கீழே அடித்தளத்தில், பேனல் போர்டுக்குள் கருகிப்போன செம்புப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டைக்குக் கரன்ட் விடுகிற மெயின் சுவிட்சோ மேலே ஐந்தாம் மாடியில், அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டியவன் எந்த லட்சணத்தில் யோசித்தானோ!

அடித்தளத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. அதனால் காலையிலேயே மாப்பிள்ளை கறாராகச் சொல்லியிருந்தார். “மச்சான், நான் ஆபீஸ் போன்ல கூப்பிட்டு என் வாயால சொன்னாத்தான் போடணும். அவசரப்பட்டு போட்டுட்டீங்கன்னா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.” தங்கைக்கு இது ஏழாவது மாதம். வாசல்வரை வந்து, “அண்ணா, இவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. மூன்று பெரிய சர்வர்களுக்குள் இருபத்திரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாத கம்ப்யூட்டர்கள், ஆளுக்கொரு வேலை. முதலில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். அப்புறம் சர்வர்கள். தகவலெல்லாம் கிடக்கும் ஸ்டோரேஜ் பெட்டி கடைசி. திரும்ப ஏற்றும்போது அப்படியே தலைகீழ். வரிசை பிசகினால் பத்து வருட உழைப்பு கோவிந்தா. அவன் பிசகவில்லை. அச்சடித்த பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்து, கடைசியில் மெயினை இறக்கினான்.

வருடக்கணக்காகக் காதில் இரைந்துகொண்டிருந்த மின்விசிறிகள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. சூடான தூசியின் வாசனை மெதுவாக எழுந்தது. எமர்ஜென்சி விளக்கின் மங்கலில் சர்வர் அடுக்குகளின் நிழல்கள் கூரைவரை நீண்டு கிடந்தன, அவனுக்குத் தன் மூச்சே யாரோ பக்கத்தில் விடுகிற மூச்சுபோலக் கேட்டது. பொழுது போகாமல் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

ஒன்பதாவது டிக்: டெலிபோன் சர்வர்.

அடக்கடவுளே! கட்டடத்தின் அத்தனை போன்களும் அந்த ஒரு மெஷினை நம்பித்தான் ஓடுகின்றன. பட்டியலில் இருக்கிறதே என்று அதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறான். இனி மாப்பிள்ளை எப்படிக் கூப்பிடுவார்? தன்னையே திட்டிக்கொண்டு, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தான்.

போன் அடித்தது.

எடுத்தான்.

“முடிஞ்சிருச்சு மச்சான். மெயினைப் போடுங்க.”

மாப்பிள்ளையின் குரல்தான். வேலை செய்து களைத்த அதே மூச்சிரைப்பு. அவன் கை பழக்கத்தில் சுவிட்சின் பிடிவரை போய்விட்டது. இரும்பு சில்லென்று பட்டதும் நின்றது.

“மாப்ள, எந்த போன்ல இருந்து பேசறீங்க?”

“போடுங்க மச்சான்.”

“பேனலை மூடிட்டீங்களா?”

“போடுங்க மச்சான்.”

அதே இரைப்பு. அதே இடத்தில் அதே மூச்சு. இம்மியும் மாறவில்லை. பிடியிலிருந்து கையை உதறி எடுத்தான். மெயின் இறங்கித்தான் இருந்தது, கண்ணால் பார்த்தான். ஓடினான்.

லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் இருட்டு. நான்காம் மாடியைக் கடக்கும்போது கதவுக்குப் பின்னால் ஒரு போன் அடித்தது. மூன்றாம் மாடியில் இரண்டு. அடுத்ததில் எண்ண முடியவில்லை. எல்லாமே செத்த போன்கள். தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்தது. மாப்பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், அது போதும். கால் தடுக்கியது. எழுந்தான். ஓடினான்.

அடித்தளத்தில் பேட்டரி விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை இருந்தார். உயிரோடு இருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை பேனலுக்குள். சுவர் போனின் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு போல்ட்தான் மச்சான், அதுக்குள்ள என்ன அவசர...”

அவனைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“நீங்க இங்க இருக்கீங்க,” என்றார் மெதுவாக. “அப்போ போன்ல யாரு?”

ரிசீவருக்குள்ளிருந்து அவனுடைய குரல் தெளிவாகக் கேட்டது.

“சரி மாப்ள. இதோ போடறேன்.”

“கையை எடுங்க!” என்று அவன் கத்தினான்.

ஐந்து மாடிக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

எல்லா விளக்குகளும் எரிந்தன.

ரிசீவர் நழுவி, ஒயரில் ஆடியது. மாப்பிள்ளை நின்றபடியே நின்றார். கைகள் பேனலுக்குள். கண்கள் அவன் மேல். இமைக்கவில்லை. முடி கருகும் வாசனை.

மேலே சர்வர்களின் மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. முதலில் ஸ்டோரேஜ். அப்புறம் ஒன்று. இரண்டு. மூன்று. வரிசை பிசகவில்லை.

“மாப்ள,” என்றது ரிசீவரில் அவன் குரல். “கேக்குதா?”

“கேக்குது மச்சான். எல்லாம் நல்லா வந்திருச்சு.”

மாப்பிள்ளையின் உதடுகள் அசையவில்லை.