பூமரத்துக்கு அந்தப் பக்கம்

லண்டனில் செவன் கிங்ஸ் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் பிரீத்தாவுக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஓயாமல் வளவளத்துக்கொண்டிருந்த பெண் அவள். இங்கே மதிய இடைவேளையில் சாண்ட்விச் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

அன்று ஓவிய வகுப்பில் ஆசிரியை திரையில் ஒரு பழைய ஜப்பானியப் படத்தைக் காட்டினார். பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் அச்சிட்ட படம். ஒரு நகரத்தின் இரவு. செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கின. கிளைகளில் காகித விளக்குகள் தொங்கின. தேநீர்க் கடைகளில் கூட்டம் அலைமோதியது.

"நாமும் நம்முடைய கடைத்தெருவை இப்படிச் செய்யலாம். ஆளுக்கு ஒருவரைச் செதுக்குங்கள். எல்லாரும் பூப் பார்க்க மரத்தை நோக்கி நடக்க வேண்டும். அச்சிடும்போது இடது வலதாக மாறிவிடும், கவனம்!" என்றார் ஆசிரியை.

அந்தக் கடைசி எச்சரிக்கை பிரீத்தாவின் காதில் விழவே இல்லை. படத்தின் ஓரத்தில் குடையுடன் போன ஒரு பெண்ணையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் துணை இல்லை. பாவமாக இருந்தது.

பிரீத்தா தன் மரத்துண்டில் இரட்டைச் சடைச் சிறுமியைச் செதுக்கினாள். மை தடவி ஒரு பழைய தாளில் வைத்துப் பார்த்தாள். ஐயோ! சிறுமி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

பக்கத்து மேசை அஜித்தா எட்டிப் பார்த்தாள். அவள் லண்டனிலேயே பிறந்தவள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ்.

"நாங்கள் எல்லாரும் பூப் பாக்கப் போறம். நீ மட்டும் திரும்பி வீட்டை போறியோ?" என்றாள். அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். மேசையே கொல்லென்று சிரித்தது.

பிரீத்தா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். இந்தப் படம் வருடம் முழுக்க மண்டபத்தில் தொங்கப்போகிறது. அதிலுமா தனியாக நிற்க வேண்டும்?

நீளமான தாளில் இரவு வானத்தையும் வலது பக்கம் ஒரு செர்ரி மரத்தையும் ஆசிரியை முன்பே அச்சிட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். "என் பக்கத்தில் வா!" "எனக்கு இடம் விடு!" பிரீத்தாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் வரிசையின் கடைசியில் நின்றாள்.

நின்று பார்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அங்கே அச்சிட்டால் அவளுடைய சிறுமி கூட்டத்தை விட்டுப் போகமாட்டாள். எதிரே வருவாள்!

அதற்குள் முன்னால் ஒரே கூச்சல். அஜித்தா கட்டையில் மையை அளவுக்கு மீறி அப்பி அச்சிட்டுவிட்டாள். அவள் செதுக்கிய சிறுமிக்கு முகமும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் கறுப்பு.

"பேய்! பேய்!" என்று அவளுடைய தோழிகளே கத்தினார்கள். மறுபடி அச்சிட அவர்கள் பக்கத்தில் இடமும் இல்லை. அஜித்தாவின் கண் கலங்கியது.

'நல்லா வேணும்!' என்று பிரீத்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றத்தானே செய்யும்? ஆனால் எல்லாரும் சிரிக்கும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மெல்லப் பக்கத்தில் போனாள்.

"அஜித்தா, கட்டைக்கு ஒண்ணும் ஆகல. துடைச்சிட்டு மறுபடி வைக்கலாம். மரத்துக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு, வா."

"அப்ப இந்தக் கறுப்பு?"

"ராத்திரிதானே? யாரோட நிழலோன்னு நினைச்சுப்பாங்க."

அஜித்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

பிரீத்தா கட்டையைத் துடைத்து, மையைக் கொஞ்சமாகத் தடவிக் கொடுத்தாள். அஜித்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். இந்த முறை மூக்கு, விரல் எல்லாம் சுத்தமாக விழுந்தன. அவளுக்கு நேர் எதிரே பிரீத்தா தன் இரட்டைச் சடைக்காரியை அச்சிட்டாள். தெருவே மரத்தைப் பார்த்து நடக்க, இவர்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள்.

ஆசிரியை குனிந்து பார்த்தார். "அட, இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்?"

அஜித்தா பிரீத்தாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"நாங்கள் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லை. இப்பதான் தொடங்கப் போறம், என்ன?"