போர்வையில் ஈரம்

கிறிஸ்ரோபர் மேடைப்படியிலிருந்து விழுந்ததற்குக் காரணம் ஒரு சீமெந்துக்கல். அந்தக் கல் படிக்குக் கீழே இல்லாமற்போனதற்குக் காரணம் டினேஸ். உருவி எடுத்தபோது, ஆள் தடுக்கி ஒரு கிழமை நொண்டுவார் என்றுதான் நினைத்தான். இடுப்பு முறியும் என்று கணக்குப் போடவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவனுக்குக் கணக்கு வராது.

பன்னிரண்டு வருடங்களாக ஊர் நாடக மன்றத்தில் டினேஸுக்கு ஒரே வேலை: சாவது. கிறிஸ்ரோபர் தளபதியாக வந்து, கட்டிலில் உறங்கும் அரசனைக் குத்திவிட்டு முடிசூடுவார். போர்வைக்குள் கிடக்கும் அரசன் டினேஸ். பிணமாகக் கிடப்பதில் அவனுக்கு நிகரில்லை. வாயால் மெல்ல மெல்ல மூச்சுவிட்டால் நெஞ்சு எழும்பாது. வாய்க்கு நேரே போர்வையில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு ஈரம் மட்டும் படியும். முன்வரிசைக்குக்கூட அது தெரியாது.

"இன்னும் எத்தினை வருசத்துக்குச் செத்துக்கொண்டே இருக்கப்போறியள்?" என்று மனைவி லவீனா கேட்டாள். மூன்று மாதம் சோற்றோடு சோறாக அதையும் பரிமாறினாள். "அவருக்கும் வயசு போட்டுது. ஒருநாள் அவர் வராட்டி, உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

கல்லைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல் அவனுடைய சொந்த யோசனை.

டெற்றோல் மணத்த ஆஸ்பத்திரியில் கிறிஸ்ரோபர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தளபதி வேசத்தை நீ நல்லாச் செய்வாயடா."

"எப்பிடி அண்ணை விழுந்தனீங்கள்?"

"மழை இருட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தெரிந்துதான் சொன்னாரா? அன்றிலிருந்து டினேஸால் ஒரு கதிரையில் நிலையாக இருக்க முடியவில்லை. தெரியாது என்றால் நிம்மதி. தெரியும் என்றால் காலில் விழலாம். இரண்டுக்கும் நடுவில்தான் மனிதனால் நிற்க முடியாது.

கடைசி ஒத்திகை, கொக்குவிலில் ரயில் பாதையோர மண்டபத்தில், மாலை ஐந்தரைக்கு. அரசனாகக் கிடக்க ஆள் கிடைக்கவில்லை. ஊரில் வேறெவருக்கும் சாக விருப்பமில்லை. டினேஸே இரண்டு தலையணைகளை நீளத்துக்கு அடுக்கிப் போர்வையால் மூடினான். கூரையில் மழை இரைந்த சத்தமும், வெள்ளம் நின்ற வளவில் தவளைகள் கத்திய சத்தமும், ஈரம் ஊறிய திரைச்சீலையின் பூஞ்சண நாற்றமும் ஒன்றாகக் கலந்து மண்டபத்தை நிறைத்திருக்க, அவன் வாளோடு மேடையேறியபோது, அந்த நாற்றத்துக்கு நடுவே மெல்லிய நூலாக இன்னொன்று மூக்கில் ஏறியது. டெற்றோல்.

நாடகம் பழக்கும் பிரகலாதன் மாஸ்ரரின் போன் அடித்தது. காதில் வைத்தவர் எழுந்து நின்றார்.

"ஆர் மாஸ்ரர், ஆஸ்பத்திரியோ? அண்ணைக்கு என்ன?"

"முதல்ல இந்தக் கட்டத்தை முடி. பிறகு கதைப்பம்."

முன்வரிசையில் மாஸ்ரருக்குப் பக்கத்தில் இருந்த லவீனா நிலத்தைப் பார்த்தாள்.

"லவீனா, நீராவது சொல்லும்."

"வாளை நேராப் பிடியுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

கட்டிலை நெருங்கினான். தலையணைகள். அவனே அடுக்கிய தலையணைகள். போர்வை அசையவில்லை. நெஞ்சு எழும்பவில்லை. குறை சொல்ல முடியாத பிணம்.

வாய்க்கு நேரே ஈரம்.

ஐந்து ரூபாய்க் குற்றி அளவு.

கூரை ஒழுக்காக இருக்கும். நிமிர்ந்து பார்த்தான். கூரை காய்ந்திருந்தது.

ஈரம் வெளிறியது. கறுத்தது. வெளிறியது. கறுத்தது.

வாளை ஓங்கவேண்டிய இடம். ஓங்கவில்லை. குனிந்தான். பின்னால் மாஸ்ரர் ஏதோ கத்தினார். டெற்றோல் மணம் தொண்டைவரை இறங்கியது.

"அண்ணை" என்றான், வேறெவருக்கும் கேட்காமல். "கல்லை எடுத்தது நான்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

துணி உள்ளே இழுபட்டது. இரண்டு உதடுகளின் வடிவில் ஒட்டிக்கொண்டது.

"ஓம்."