தங்கம் மூடிய பற்கள்

"ஏ புள்ள, பல்லைக் காட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அந்தச் சந்துல மாட்டுவண்டியே போகும் போல இருக்கு" என்று காலைக் காப்பியை வாங்கும்போதே அங்கம்மாள் தொடங்கிவிட்டாள்.

புஷ்பவள்ளியின் சிரிப்பு அப்படியே அடங்கியது. அவளுடைய தந்தை அர்ச்சுனன் சிகாமட்டை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கங்காணி. அவருடைய விதவைத் தமக்கையாகிய அங்கம்மாளோ, அந்தக் கங்காணிக்கும் மேலே ஒரு கங்காணி.

"வெள்ளிக்கிழமை மூவார்லேர்ந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. பல்லு கட்டுற சீனனை இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன். முன்பல்லு ரெண்டையும் அராவித் தங்கம் போட்டுடுவான். சந்து அடைஞ்சிடும்."

அடுப்படியில் நின்ற தாய் ராசம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணி... பொண்ணுக்கு அது வேணாமே" என்றாள்.

"உனக்கு வேணும், உன் மகளுக்கு வேணாமா? எங்க வீட்டுத் தங்கத்தைப் பல்லுல போட்டுக்கிட்ட திமிரு, வேற என்ன!"

ராசம்மாளும் சந்துப் பல்லோடு இந்த வீட்டுக்கு வந்தவள்தான். அந்தச் சந்து வழியாக வீட்டு லட்சுமி வெளியேறிவிடுவாள் என்று முடிவு கட்டி, மணமான புதிதிலேயே அவளுக்குத் தங்கப் பல் கட்டுவித்தவள் அங்கம்மாள். பிறகு ராசம்மாள் சிரித்ததில்லை. எல்லாரும் உண்டபின் தனியே உண்டாள். தள்ளி நின்றே பேசினாள். ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அதற்குக் கர்வம் ஒன்றே காரணமாக இருக்க முடியும் என்று கண்டறிந்த அந்தக் குடும்பத்தின் அறிவை என்னவென்று புகழ்வது! அர்ச்சுனனும் அந்த அறிவில் பங்கு பெற்றவரே. "அவ ராணி, நம்மகிட்ட எல்லாம் பேசுவாளா?" என்று சொல்லிச் சொல்லி, அவளுடன் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பகல் சாய்கையில் சீனர் வந்து, வாசலில் பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்தார். புஷ்பவள்ளி தாயின் பின்னே ஒளிந்தாள்.

"அம்மா, வலிக்குமாம்மா?"

"உங்கம்மாவுக்கு வலிச்சுதா என்ன? ஏ மகாராணி, வாயைத் திறந்து காட்டேன். பொண்ணுக்குத் தைரியம் வரட்டும்" என்றாள் அங்கம்மாள்.

ராசம்மாள் தலைப்பை இறக்கி, வாயைத் திறந்தாள்.

தங்கக் கூடுகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில் கறுத்த வேர்களும் சீழ் கட்டிய ஈறும் தெரிந்தன. நாற்றம் தாளாமல் அங்கம்மாள் பின்வாங்கினாள். சீனர் குனிந்து பார்த்தார். "அலமாக்... பூசோக்" என்று முகத்தைச் சுளித்து, அரத்தைக் கீழே வைத்தார்.

"அழுகிடுச்சுன்னு சொல்றாரு, அண்ணி. அராவின மறு வருஷமே அழுக ஆரம்பிச்சிடுச்சு. கிட்ட வந்தா நாறும்னு தள்ளி நின்னேன். கூட உக்காந்தா உங்களுக்குச் சோறு இறங்காதுன்னு தனியாச் சாப்பிட்டேன். நீங்க திமிருன்னீங்க... கேட்டுக்கிட்டேன். சொல்லியிருந்தா, தங்கத்தையே அழுக வச்ச ராசி கெட்டவள்னு அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்பீங்க. அந்த அரம் என் பொண்ணு பல்லுல பட்டுச்சுன்னா, அவளைக் கூட்டிக்கிட்டு ரயிலேறிடுவேன்."

"ஏன் ராசம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், வேலையிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்த அர்ச்சுனன்.

"நீங்க எங்கே கிட்ட வந்தீங்க?"

கங்காணியார் கண்களைத் துடைத்துக்கொண்டு சீனரிடம் திரும்பி, "பொண்ணுக்கு ஒண்ணும் வேணாம், தவுக்கே. இவ பல்லைப் பிடுங்கி விட்டுடுங்க" என்றார்.

"அய்யோ, முன்பல்லு இல்லாம சம்பந்திங்க முன்னாடி எப்படிடி நிப்பே?" என்றாள் அங்கம்மாள்.

"நல்லாவே நிப்பேன். என் பொண்ணும் பல்லைக் காட்டிச் சிரிப்பா. பிடிக்கலேன்னா மூவாருக்கு அப்படியே திரும்பிப் போகட்டும், அண்ணி."

இரண்டு பற்களும் தங்கத்தோடு வெளியே வந்தன. யாரும் கேட்காமலே அங்கம்மாள் உப்பு வெந்நீர் கொண்டுவந்தாள். ராசம்மாளின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்து, படிக்கத்தை ஏந்தினாள்.

"துப்பும்மா... திமிருன்னே நெனைச்சிட்டேன்டி, பாவி நான்..."

ராசம்மாள் இரத்தத்தைத் துப்பி, நிதானமாக வாயைக் கொப்பளித்தாள்.

"அழாதீங்க, அண்ணி. வெள்ளிக்கிழமை அவங்க பல்லைப் பத்திக் கேட்டா, எங்க பொண்ணு பிறவியிலேயே அப்படித்தான்னு நீங்களே சொல்லணும்."

அங்கம்மாள் கண்ணீரைத் துடைக்காமலே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்றேன்" என்றாள்.