செந்தூரம் பூசிய குழாய்

மனித குலம் இந்த நாளை மறக்கவே முடியாது என்று கப்பலின் ஒலிபெருக்கி முழங்கியது. "கடலன்னை தன் கஜானாவைத் திறக்கப் போகிறாள்!"

முழங்கியவர் பயணத் தலைவர் டாக்டர் வரதகுணம். தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய கப்பல், கரையோரக் கடல் சட்டென்று ஆழமாகும் சரிவுக்கு மேலே நின்றது. ஆயிரம் மீட்டர் கீழே கடலடிச் சேறு. அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கஜானா என்றது அதைத்தான்.

ஆராய்ச்சி மாணவி செண்பகவல்லிக்கு அது நிஜமாகவே கஜானா. மூன்று மீட்டர் சேறு உடையாமல் கிடைத்தால் நான்கு வருட ஆய்வு முடியும். காற்று வலுத்துக்கொண்டிருந்ததால் ஒரே ஒரு வாய்ப்பு!

சேற்றைக் குத்தி எடுக்கும் நீளக் குழாயைக் கடலில் இறக்குமுன் தலைவர் பூஜை போட்டார். எண்ணெயில் குழைத்த செந்தூரத்தைக் குழாயின் வாயில் அப்பினார்.

"சார், உள்பக்கம் வேண்டாமே..." என்றாள் செண்பகவல்லி.

"சாமி காரியத்துல குறுக்கே பேசாதம்மா!" உள்பக்கமும் நன்றாகப் பூசினார். குழாயின் கம்பிவடத்தை இறக்கி ஏற்றும் விஞ்ச் எந்திரத்தை ஓட்டும் சவேரியான் சிலுவை போட்டுக்கொண்டார். அது எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை.

குழாய் இறங்கியது, குத்தியது, சிக்கிக்கொண்டது! கம்பிவடம் கிறீச்சிட்டது. கப்பல் சாய்ந்தது.

"வடத்தை அறுத்துடுங்க!" தலைவர் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

"சும்மா இரிங்க சார்! கப்பல் எறங்கும்போது வடத்த இறுக்கிட்டா, அடுத்த அலையே தூக்கிக் குடுத்துரும். தங்கச்சி, அலையப் பாத்துச் சொல்லு!"

வல்லி கம்பித் தடுப்பில் எக்கி நின்றாள். "இப்போ! ... இப்போ! ... அண்ணே, இப்போ!"

மூன்றாவது அலையில் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது!

குழாயின் விளிம்பில் வழிந்த சேற்றைத் தனிமங்களை அளக்கும் கருவியில் வைத்ததும் ஈயத்தின் அளவு எகிறியது. தலைவர் துள்ளினார். "ஈயச் சுரங்கம்!" கரைக்கு உடனே போன் பறந்தது. "குழாயை ஏழாக வெட்டு! ஏழு பிரமுகர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் தரணும்!"

ரம்பம் வந்தது. வல்லி குழாயின் மேல் விழுந்து அணைத்துக்கொண்டாள். "சார், அது ஓரத்துச் சேறு. செந்தூரத்துல ஈயம் கலந்திருக்கும். நடுச்சேற்றை ஒரே ஒரு தடவை பாருங்க!"

பார்த்தார்கள். சிப்பிகள் விட்டுப்போன கால்சியம், ஆறுகள் அடித்து வந்த அலுமினியம், இரும்பு. ஈயம் பேருக்கு.

"அப்போ புதையல நாமதான் கொண்டாந்தோமா சார்?" என்றார் சவேரியான், ரொம்ப மரியாதையாக.

"வெறும் சேறு! நீயே வச்சுக்கோ," என்று வல்லியிடம் சொல்லிவிட்டுத் தலைவர் அறைக்குள் போய்விட்டார்.

வல்லி குதித்தாள்! எந்தக் காலத்தில் ஆறு பெருகியது, எப்போது வற்றியது, எல்லாம் அந்தக் குழாயில் அடுக்கடுக்காக இருந்தது. சோதிக்கப்போகும் பொருளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்ற சிறு பாடமும் கூடவே கிடைத்தது.

துறைமுகத்தில் போன் செய்தியை நம்பி மேளம் காத்திருந்தது. மாலைகள் தலைவர் கழுத்தில் விழுந்தன. அவர் மறுக்கவில்லை. பின்னால் வல்லியும் சவேரியானும் சாமி தூக்குவதுபோல் குழாயைத் தோளில் சுமந்து வந்தார்கள்.

வாசல் காவலாளி மூடியைத் திறந்து முகர்ந்தார். நோட்டில் எழுதினார்: சேறு, ஒன்று.