அடுப்புக்கு அடியில் ஆகாயம்

"கதவைத் திற!"

ஒர்சோலா திறந்தாள்.

வாசலில் ஒரு கழுதை வண்டி. வண்டியில் சாக்குத் துணி போர்த்திய நீளமான உருவம். துணிக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள்...

இடது கால் சுண்டுவிரலில் நகம் இல்லை.

அந்தக் காலை அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாய்த் தெரியும்.

"பஞ்சாங்கம் போடற பெல்த்ராமே... உன் புருஷன்தானே?" சிறைக்காவலன் கேட்டான்.

அவள் துணியை விலக்கினாள். முகம் பாதியாய்ச் சுருங்கியிருந்தது. தோள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கயிற்றில் கட்டித் தூக்கியிருக்கிறார்கள்!

"அவர்தான்."

"சிறைக் காய்ச்சல். நேத்து சாயங்காலம் போயிட்டான். மன்னிப்புக் கேளுன்னு நாப்பது நாளா கெஞ்சிப் பாத்தாங்க. கேக்கல."

"கெஞ்சினாங்களா? கயித்துல கட்டியா?"

காவலன் தலையைச் சொறிந்தான்.

"என்கிட்ட குடுத்துடுங்க. குளிப்பாட்டி அடக்கம் பண்ணிக்கறேன்."

"அடக்கமா? பூமி சுத்துதுன்னு சொன்னவனுக்குப் பூமியில இடம் கிடையாதாம்! திருச்சபை விசாரணை மன்றத் தலைவர் உத்தரவு. நாளைக்கு மத்தியானம் சந்தைத் திடல்ல எரிக்கறாங்க. இவனையும் இவன் எழுதின புத்தகத்தையும் சேர்த்து. ஆள் இவன்தான்னு நீ சொல்லணும்னு கொண்டு வந்தோம். அவ்வளவுதான்."

வண்டி கிளம்பியது.

உள்ளே கொப்பரையில் பட்டுக்கூடுகள் வெந்துகொண்டிருந்தன. ஒர்சோலா கொதிக்கும் தண்ணீருக்குள் கையை விட்டாள். நூல் முனையைத் தேடினாள்.

கிடைக்கவில்லை.

விரல்கள் வெந்து சிவந்த பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை...

யார்?

யார் காட்டிக் கொடுத்தது?

நாற்பது நாளாய் அவள் மண்டைக்குள் ஓடிய ஒரே கேள்வி அதுதான்.

அன்றைக்கு வந்த நான்கு காவலர்கள் அலமாரியைத் தொடவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை. நேராக இந்த அடுப்புக்கு வந்தார்கள். நெருப்பை அணைக்கச் சொன்னார்கள். அடுப்புக்கு அடியில் மூன்றாவது செங்கல்லைப் பெயர்த்தார்கள்!

தகரப் பெட்டிக்குள் பெல்த்ராமே பதினோரு வருஷம் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். சூரியன் நடுவில்... பூமி அதைச் சுற்றி...

அந்தச் செங்கல்லைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அவர். அவள்.

இல்லை... மூன்று!

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மனம் கேட்காமல் ஒருவரிடம் சொல்லிவிட்டாள். கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில்!

டான் இலாரியோ!

பங்குச் சாமியார்!

ஒர்சோலா காய்கறி வெட்டும் கத்தியை மேலாடைக்குள் செருகிக்கொண்டாள்.

மத்தியான வெயிலில் கோயில் காலியாகக் கிடந்தது. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் டான் இலாரியோ கண் மூடி உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு. மூச்சு விடுவதே ஒரு வேலை அவருக்கு.

ஒர்சோலா மண்டியிட்டாள்.

"ஆசீர்வதியுங்க சாமி... ஒரு பாவம் பண்ணப் போறேன்."

"பண்ணி முடிச்ச பாவத்தைத்தாம்மா சொல்லணும்."

"இது இன்னும் ரெண்டு நிமிஷத்துல பண்ணப் போறது!"

மரச்சட்டத்தின் இடுக்கு வழியே கத்தி உள்ளே நுழைந்தது. சாமியாரின் தொண்டையில் நின்றது.

"ஒ... ஒர்சோலா?"

"தேவன் காதுல சொல்றதா நெனச்சு உங்க காதுல சொன்னேன். நீங்க யார் காதுல சொன்னீங்க?"

"கத்தியைக் கொஞ்சம் இறக்கும்மா. பேச முடியல."

"பேசற அளவுக்கு இடம் விட்டிருக்கேன். பேசுங்க!"

டான் இலாரியோ எச்சில் விழுங்கினார். கத்தி முனையும் ஏறி இறங்கியது.

"மூணு தடவை என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. 'பெல்த்ராமே பெண்டாட்டி உன்கிட்ட என்ன சொன்னா? அவளுக்கும் இதுல பங்கு உண்டா?' இதே கேள்வி. நான் வாயைத் திறக்கல. நான் சொல்லியிருந்தா என்கிட்ட ஏம்மா வந்து கேக்கப் போறாங்க?"

கத்தி அசையவில்லை.

"வாயைத் திறக்காததுக்குத் தண்டனை கூடக் குடுத்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை இங்க எனக்குக் கடைசிப் பூசை. மலை மேல ஒரு பங்குக்கு மாத்திட்டாங்க. நாலு கிழவன், முப்பது ஆடு. ஆடுங்களாவது கத்தி எடுத்துட்டு வராதுன்னு நெனக்கறேன்."

ஒர்சோலா கத்தியை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப யார் சாமி?"

"சத்தியமா தெரியாதும்மா. புகார்க் கடிதத்தைப் பார்த்தவங்க ரெண்டே பேர். ஒருத்தர் விசாரணைத் தலைவர். அவர்கிட்ட நீ போக முடியாது. இன்னொருத்தர் எழுத்தர் சில்வேரியோ..."

சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒர்சோலா! ஏதும் பண்ணிடாதே!"

அவள் அதற்குள் கோயில் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மறுநாள்.

வல்தோர்னா ஊரே சந்தைத் திடலில் இருந்தது. செர்ரிப் பழம் கூடை கூடையாய் விற்றது. ஜனங்கள் தின்று தின்று கொட்டையைத் துப்பினார்கள். வேடிக்கை பார்க்கும் வாய்க்கு மெல்ல ஏதாவது வேண்டும்!

விறகு அடுக்கின் மேல் பெல்த்ராமே. அவர் நெஞ்சின் மேல் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.

எழுத்தர் சில்வேரியோ தீர்ப்பை வாசித்தார். மெலிந்த மனிதர். கறுப்பு அங்கி. வலது கை விரல்களில் மை.

நெருப்பு வைத்தார்கள்.

முதலில் தாள்தான் பிடித்தது. ஒரு பக்கம் எரிந்துகொண்டே மேலே எழும்பி, காற்றில் சுற்றி, சுற்றி... சாம்பலாய் விழுந்தது.

'பாருய்யா, சுத்துதா இல்லையா பாரு!' ஒர்சோலாவுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அடுத்த விறகு அவளுக்கு. உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்பாய் இருந்தது.

பக்கத்தில் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டாள். "அழுதுடு ஒர்சோலா. யாரும் பாக்கல."

"அப்புறம் அழுதுக்கறேன். எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

கூட்டம் கலைந்தது. சில்வேரியோ தலையைக் குனிந்தபடி மெழுகுவர்த்திக் கடைச் சந்துக்குள் நடந்தார். மாடிப்படி ஏறினார். அறைக் கதவைத் திறந்தார்.

முதுகில் ஏதோ குத்தியது.

"உள்ளே போங்க. கத்தினா முதுகுல ஒரு ஜன்னல் திறந்துடும்!"

ஒர்சோலா கதவுக்குத் தாழ் போட்டாள். சில்வேரியோ மெதுவாய்த் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் பயம் போய், வேறு ஏதோ வந்தது அந்தக் கண்ணில்.

"நீங்க... அவர் சம்சாரமா?"

"புகார் குடுத்தது யாரு? பேர் சொல்லுங்க."

"பேர் கிடையாதும்மா. மொட்டைக் கடுதாசி."

"பொய்!"

"பொய் இல்ல. ஆனா யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியும். இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்."

"சொல்லுங்க!"

"நெருப்பு ஆறின பிறகு சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

"யாரு?"

"உங்க புருஷன்."

கத்தி தாழ்ந்தது.

"அம்மா... அந்த மொட்டைக் கடுதாசியை எழுதினதே அவர்தான்!"

கீழே தெருவில் யாரோ செர்ரிப் பழம் கூவி விற்றுக்கொண்டு போனார்கள்.

"என்ன உளர்றீங்க?"

"இருநூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் நான் என் கையால நகல் எடுத்தேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தப்பாது. கடுதாசியில எழுத்தைச் சாய்ச்சு எழுதியிருந்தாரு. ஆனா '7' போடற விதத்தை மாத்த மறந்துட்டாரு."

"நகலா? எதுக்கு நகல்?"

"அதுதாம்மா விஷயமே! தடை பண்ணின புத்தகத்தை எரிக்கறதுக்கு முன்னாடி எழுத்து விடாம மூணு நகல் எடுக்கணும். படத்தோட. நாளைக்கு வேற எவனாவது இதையே சொன்னா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. ஒண்ணு இங்க நிலவறையில. கல்லுச் சுவர், இரும்புக் கதவு. மத்த ரெண்டும் வேற வேற ஊருக்கு. எலி கடிக்காது. மழை நனைக்காது. எவனும் தொட மாட்டான்!"

ஒர்சோலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெல்த்ராமே அந்தப் புத்தகத்தோடு மூன்று அச்சுக்கூடம் ஏறி இறங்கியிருந்தார். மூன்றும் வாசலோடு துரத்தின. அடுப்பு வெக்கையில் தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் இருமும்போது வாயைத் துடைத்த துணியை அவளிடம் கொடுக்காமல் தானே துவைக்க ஆரம்பித்தார். 'வெறும் சளிதான்டி...'

"ரத்தம் துப்பிக்கிட்டு இருந்தாரு. எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "தெரியாத மாதிரி இருந்தேன்."

"குளிர்காலத்தைத் தாண்ட மாட்டேன்னு அவரே சொன்னாரு. காவலன் தண்ணி எடுக்கப் போன நேரத்துல என் காதுல சொன்னாரு. தோள் ரெண்டும் தொங்கிட்டு இருக்கு... அப்ப, விசாரணையில நான் வாசிச்ச நகலை ஞாபகம் வெச்சுக் கேக்கறாரு, 'ஐயா, நாப்பத்தேழாம் பக்கத்துல மூணுன்னு எழுதியிருக்கீங்க, அது எட்டு. திருத்திடுங்க'ன்னு! அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சுது."

சில்வேரியோ தன் மை விரல்களைப் பார்த்தார்.

"திருத்திட்டேம்மா. மூணு நகல்லயும்."

ஒர்சோலா தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. நாற்பது நாள் அழுகை. சில்வேரியோ ஒரு குவளைத் தண்ணீரை அவள் அருகில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல..."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"அடுப்புலயே எரிச்சிருப்பேன். புத்தகத்தை!"

"அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைப் பத்தியும் கடுதாசியில எழுதியிருந்தாரு. விசாரணையில நாலு தடவை வாசிச்சேன். 'இவன் மனைவி எழுத்து வாசனையே இல்லாத மூடம். இவனோடு ஓயாமல் சண்டை போடுபவள். இவன் செய்வது எதுவும் அவளுக்குத் தெரியாது.' அதனாலதான் உங்களை விட்டாங்க. தீர்ப்புலயும் அதை அப்படியே ஏத்திட்டாங்க."

"மூடமா? என்னையா?"

அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வெடித்தது. அது பாதியில் உடைந்து மறுபடி அழுகையானது.

"ஒரே ஒரு குறைதாம்மா" என்றார் சில்வேரியோ. "சந்திரன் கணக்கு அதுல இல்ல. 'இரண்டாம் பாகத்தில் காண்க'ன்னு மட்டும் இருக்கு. இன்னும் எழுதலைன்னு விசாரணையில சாதிச்சாரு. அது இல்லாம மொத்தமும் ஒத்தைக்கால்ல நிக்குது."

ஒர்சோலா நிமிர்ந்தாள்.

"எழுதியாச்சு."

"என்னது? எங்க?"

"என் தலையணைக்குள்ள. நூத்தி அறுபது பக்கம்."

"அப்ப ஏன் அதையும் குடுக்கல?"

"அது அவர் எழுதினது இல்லையே! அவருக்குக் கண்ணு மங்கல். தூரத்தைப் பாக்கற கண்ணாடிக் குழாய்ல சந்திரனைப் பாத்தது நான். கணக்குப் போட்டது நான். எழுதினதும் நான்!"

சில்வேரியோ நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஒர்சோலா எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். கத்தியை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

"நாளைக்குக் காலையில மன்றத்துக்கு இன்னொரு மொட்டைக் கடுதாசி வரும். செத்துப்போன பெல்த்ராமே இன்னொரு புத்தகமும் எழுதி ஒளிச்சு வெச்சிருக்கான்னு. அவரை இன்னொரு தடவை என்ன பண்ணிடுவாங்க? நீங்க மூணு நகலுக்கு மை கலக்கி வைங்க."

"அம்மா, வேண்டாம்!" சில்வேரியோ பதறினார். "அந்தப் புத்தகத்தோட கையெழுத்து அவரோடது இல்லைன்னு தலைவர் பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு! உங்களைத்தான் சந்தேகப்படுவாங்க!"

ஒர்சோலா தாழ்ப்பாளை விலக்கினாள்.

"என்னை எப்படி ஐயா சந்தேகப்படுவாங்க? எழுத்து வாசனையே இல்லாத மூடம்னு உங்க மன்றமே முத்திரை குத்தி வெச்சிருக்கே!"