புரோக்கர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்

காலை ஆறே முக்காலுக்கு போன் அடித்தது.

மருந்துக்கடைக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு வந்து எடுத்தார்.

"படகுத்துறையிலேர்ந்து இன்ஸ்பெக்டர் பேசறேன். வெள்ளையில நீலக் கோடு போட்ட கேபின் படகு... உங்களுதுதானே?"

"அதை வித்துட்டேனே சார். பதினோரு நாள் ஆச்சு."

"ரிஜிஸ்டர்ல இன்னும் உங்க பேர்தான் இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"என்ன விஷயம்?"

"உள்ள ஒரு ஆள் செத்துக் கிடக்கார்."

பற்பசை நுரை தொண்டைக்குள் இறங்கியது.

தலைவலி...

அந்த ஒரு வார்த்தைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது!

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மனைவி குறுக்கே நின்றாள். கையில் கரண்டி. விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறியது.

"என்னங்க... அந்தப் புகைக்குழாயை மாத்திட்டுத்தானே குடுத்தீங்க?"

"மாத்தாம குடுப்பேனா?"

முப்பது வருட குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது கட்டைவிரல்.

காரை எடுத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

போன வருடம் இதே மாதிரி ஒரு தூறலில்தான் அவள் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்தாள். அரை மணி நேரத்தில் வெளிறிப்போய் வெளியே வந்து வாந்தி எடுத்தாள். மண்டை பிளக்கிறது என்றாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரமும் அதே தலைவலி வந்தபோது அவருக்குள் இருந்த மருந்துக்கடைக்காரர் விழித்துக்கொண்டார். கேபின் தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார்.

புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்!

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆளைத் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்துவிடும்.

குழாயை மாற்ற வேண்டும் என்றால் என்ஜினையே வெளியே தூக்க வேண்டும். அவர் தூக்கவில்லை. டேப் சுற்றினார். மேலே வெள்ளை பெயிண்ட் அடித்தார். பிறகு படகை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து புரோக்கரிடம் போனார்.

படகுத்துறை வாசலில் கண்ணாடி அறை வைத்திருந்தவர் அந்த புரோக்கர். தடித்த உடம்பு, எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. படகை கிரேனில் தூக்கிக் கரையில் வைத்து, பரிசோதகர் அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய பிறகுதான் ஆளைக் கூட்டி வருவேன் என்றார்.

"என் கை வழியா போற எந்தப் படகும் செக் பண்ணாம போகாது சார். நான் கேக்கற பத்து பர்சென்ட் கமிஷன் எனக்கில்ல. உங்க தூக்கத்துக்கு!"

பத்து சதவீதம் அநியாயம் என்று சொல்லி எழுந்து வந்தார் மருந்துக்கடைக்காரர். ஊரிலும் அப்படியே சொன்னார். கமிஷன் ஒரு சாக்கு. அவர் பயந்தது அந்தப் பரிசோதகரின் சுத்தியலுக்கு.

மறுநாளே விளம்பரம் கொடுத்தார். 'கேபின் படகு. நல்ல நிலை. உரிமையாளர் நேரடி விற்பனை. புரோக்கர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்.'

வந்தவர் ஒரு பஸ் டிரைவர். தலையில் மஞ்சள் தொப்பி. அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறாராம். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, ஹாரன் எங்கே என்று தேடினார். பரிசோதனை, வெள்ளோட்டம்... எதையும் கேட்கவில்லை. 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"மருந்துக்கடைக்காரரே பொய் சொன்னா, அப்புறம் யாரத்தான் சார் நம்பறது?"

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான்கு நாள் முன்பு அந்த டிரைவர் போன் செய்தார். கேபினில் உட்கார்ந்தால் தலையை வலிக்கிறது என்றார்.

கதவைத் திற, என்ஜினை நிறுத்து என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தை வேறு.

"புதுசுல எல்லாருக்கும் அப்படித்தாங்க. ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுங்க."

படுத்துவிட்டார்!

படகுத்துறையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய உடல் கிடந்தது. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் அந்த மஞ்சள் தொப்பி. மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர். காகிதக் கோப்பையில் காபியை ஊதிக்கொண்டே பேசினார். உடம்பில் காயமில்லையாம். சட்டைப்பையில் தலைவலி மாத்திரை அட்டை, அதில் இரண்டு காலியாம். மாரடைப்பாக இருக்கலாம் என்று டாக்டர் நினைக்கிறாராம்.

"படகுல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு... இல்ல சார்."

"அப்ப சரி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். பேனா நழுவியது, எடுத்துக் கொடுத்தவர் ஒரு இளம் கான்ஸ்டபிள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகம்.

அவரிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர். "நீ இந்தப் படகை நம்ம ஸ்டேஷன் படகுத்துறைக்கு ஓட்டிட்டுப் போயிடுய்யா. ஒரு மணி நேரம் ஆகும். மழை அடிக்குது, கதவைச் சாத்திக்க."

"ஆகட்டும் சார். உள்ள நல்லா கதகதன்னு இருக்கு."

கான்ஸ்டபிள் கேபினுக்குள் இறங்கினார். கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது.

மருந்துக்கடைக்காரர் கேட்டை நோக்கி நடந்தார். பத்தே அடி. அதைத் தாண்டினால் கார், வீடு, கடை, எல்லாம் பழையபடி...

நான்கு அடி.

ஏழு அடி.

முதுகுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் உறுமியது. கிர்ர்ர்... கிர்ர்ர்...

"வேணாம்! ஸ்டார்ட் பண்ணாதீங்க! வெளிய வாங்க!"

கத்தியது தன் குரல்தான் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது. ஓடினார். வழுக்கி விழுந்தார். எழுந்து கேபின் கதவைப் பிடித்து இழுத்தார். கான்ஸ்டபிளின் கையைப் பற்றி வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு, ஈரப் பலகையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். விரிசல், டேப், பெயிண்ட், மாத்திரை... ஒன்று விடாமல்.

இன்ஸ்பெக்டர் காபியைக் குடித்து முடித்தார்.

"பதறாதீங்க சார். அது ஸ்டார்ட் ஆகாது."

"என்ன சொல்றீங்க?"

"டேங்க்ல சொட்டு பெட்ரோல் இல்ல. செத்தவர் நேத்து சாயங்காலம் மழைக்குக் கதவை அடைச்சிட்டு என்ஜினை ஓட விட்டிருக்கார். அவர் போனப்புறமும் பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு."

"அப்ப... மாரடைப்புன்னு..."

"சும்மா சொன்னேன். தரைப்பலகைக்குக் கீழ புது டேப்பு, மேல புது பெயிண்ட். சுத்தினது வித்தவரா, வாங்கினவரான்னுதான் புரியல. விஷயம் தெரியாதவரா இருந்தா நீங்க பாட்டுக்கு கேட்டைத் தாண்டிப் போயிருப்பீங்க."

மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. பதினோரு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

"அந்த டிரைவரோட சம்சாரத்துக்குச் சொல்லியாச்சா? நானே போய் அவங்க கால்ல விழறேன்."

"எந்த டிரைவர்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து தார்ப்பாயை விலக்கினார்.

தடித்த உடம்பு. இஸ்திரி கலைந்த சட்டை.

புரோக்கர்!

கண்ணாடி அறையின் படியில் முட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் அழுதுகொண்டிருந்தார். தொப்பி இல்லாததால் அடையாளம் தெரியவில்லை. பஸ் டிரைவர்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் சார்" என்றார் டிரைவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "காசு அவரோடது, தொப்பியும் அவரோடது. வாங்கறது புரோக்கர்னு தெரிஞ்சா நீங்க விலையை ஏத்திடுவீங்கன்னு என்னை அனுப்பினார். மேல லாபம் வெச்சு விக்கலாம்னு பிளான்."

"அவர்... செக் பண்ணாம எப்படி வாங்கினார்?"

"நான்தான் கேட்டேன், பரிசோதகரைக் கூப்பிடலாமா மாமான்னு. வேணாம்டா, செக் பண்ணணும்னு சொன்னா விவரமானவன்னு சந்தேகம் வந்துரும், வாயை மூடிட்டு வாங்கிட்டு வான்னார். எனக்குத் தலைவலின்னு சொன்னப்பகூட, பஸ் ஓட்டறவனுக்குப் படகு ஒத்துக்காதுன்னு சிரிச்சார். நேத்து அவருக்கே வலிச்சப்ப, நீங்க சொன்ன மாத்திரையை வாங்கிக் குடுத்தேன் சார்... என் கையாலயே குடுத்தேன்."

இருபது வருடமாக ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்ன விதியை, தன் சொந்தக் காசு போட்டு வாங்கிய ஒரே படகுக்கு மட்டும் மறந்திருந்தார் புரோக்கர்.

மருந்துக்கடைக்காரரின் பையில் போன் அடித்தது. மனைவி. கட்டைவிரல் பச்சைப் பொத்தான் மேல் நின்றது. அழுத்தினார்.

"குழாயை மாத்தல" என்றார். "டேப்புதான் சுத்தினேன்."

மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"விலங்கெல்லாம் வேணாம், ஏறுங்க. ஸ்டேஷனுக்குப் போனதும் நல்ல வக்கீலா ஒருத்தரைக் கூப்பிடுங்க சார். நடுவுல ஆள் எதுக்குன்னு இதையும் நேரடியா முடிச்சுடாதீங்க."